வரி முடியும் இடம்

கட்டுகஸ்தோட்டை
21 ஜனவரி 2024

சுமன் தம்பிக்கு,

அக்கா போனை எடுக்கிறாளில்லை என்று அம்மாவிடம் குறை சொன்னாயாம். எடுத்தால் நீ கத்துவாய், நான் அழுவேன், பிறகு இரண்டு பேரும் சாப்பிடாமல் படுப்போம். அதனால்தான் எழுதுகிறேன். மின்னஞ்சலில் நீ எவ்வளவு கத்தினாலும் என் கம்ப்யூட்டரின் குரல் அதை ஒரே மாதிரித்தான் வாசித்துக் காட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். றமீஸா மாமியின் மாடி அறைக்கு நல்ல காற்று வருகிறது. படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறது. கண் தெரியாத அக்கா கம்பளையில் அம்மாவோடு இருக்காமல் இங்கே தனியாக அறை எடுத்து, பஸ் ஏறிக் கண்டிக்கு வேலைக்குப் போவதில் உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை.

இது வேலை விஷயம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுப்பிரசுரங்களைப் பொன்னுத்துரை சேரின் ஒபிஸில் தமிழாக்கி அச்சுக்கு அனுப்புகிறோம். தமிழில் பிழை பார்ப்பது நான். காதால் கேட்டுப் பிழை பார்க்க முடியாது, குரலுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். ஆகவே எழுத்தை விரலுக்குப் பிரெயிலாக எழுப்பிக் காட்டும் நம் பழைய புள்ளிப்பெட்டியைத்தான் நம்பியிருக்கிறேன். ஒபிஸில் கொடுத்த புது லெப்டொப்பில் அதை மாட்டியதிலிருந்து வரியின் கடைசியில் வேண்டாத புள்ளிகள் எழும்புகின்றன. சில நேரம் முன்னால் வாசித்த வரியின் துண்டுகள். போன கிழமை ‘காய்ச்சல்’ என்ற சொல்லுக்குப் பின்னால், நான் வீட்டுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ‘அம்மா’ வந்து நின்றது.

டிரைவரில்தான் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னேன். “ஏன்டி, பஸ்ஸு எங்கயும் மோதிருச்சா?” என்று பதறிவிட்டார். அந்த டிரைவர் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் வரியைப் பெட்டிக்குப் புரியவைக்கிற நிரல், பெட்டி செய்த கம்பெனி கைவிட்ட பிறகு தம்பி கெம்பஸில் படிக்கும்போது எனக்காக எழுதியது, அது சொன்னால்தான் என் விரலுக்கடியில் பிரெயில் புள்ளிகள் எழும்பும் என்று விளக்கினேன். “அவன் எழுதினதா? அப்போ அவன்கிட்டயே கேளு” என்றார்.

கேட்கிறேன். உன் நிரலை நான் திறந்து பார்க்கட்டுமா?

நிலூஷா அக்கா


டோஹா
23 ஜனவரி 2024

அக்கா,

திறக்காதே. நீ படித்தது வெறும் கம்ப்யூட்டர் டிப்ளோமா. அது மாணவனாக இருந்தபோது அவசரத்தில் எழுதிய நிரல். எங்கே எது தொங்குகிறது என்று எனக்கே ஞாபகமில்லை. நீ ஒன்றைத் தொட்டு இன்னொன்று விழுந்தால் பெட்டி அப்படியே செத்துப்போகும், வேறு வாங்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. எனக்கு அனுப்பு. பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

மற்றதைப் பற்றி நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். நீ அறை எடுத்த விஷயம் எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். சாமான் எல்லாம் கொண்டுபோன பிறகு. இங்கே லிஃப்டுகளுக்கு நிரல் எழுதுகிற வேலைக்கு வரும்போது, உன்னிடம் கேட்டுவிட்டுத்தானே நான் கையெழுத்துப் போட்டேன்?

சாப்பிடு.

சுமன்


கட்டுகஸ்தோட்டை
28 ஜனவரி 2024

சுமன்,

திறந்துவிட்டேன். உன்னிடம் கேட்டது மரியாதைக்காக, அனுமதிக்காக இல்லை. கோபித்துக்கொள்ளாதே. முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

அறை எடுப்பதை முன்பே சொல்லியிருந்தால் நீ அடுத்த விமானத்தில் வந்து வாசல் படலையில் குறுக்கே நின்றிருப்பாய். நீ வந்து நின்றால் நான் போயிருக்கமாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை.

இனி டிரைவர். நிரலை இயந்திர மொழியாக்கும் கொம்பைலரில் போட்டேன், ஒரு சத்தமும் இல்லாமல் ஓடி முடிந்தது. சந்தேகம் வந்தது. தேடிப் பார்த்தால், எச்சரிக்கை ஒன்றும் சொல்லாதே என்று அதற்கு நீயே உத்தரவு எழுதி வைத்திருக்கிறாய். அந்த உத்தரவை எடுத்தேன். அப்பா! எத்தனை காலம் பேசாமல் இருந்ததோ, கொட்டித் தீர்த்தது. ஒவ்வொன்றாகத் தடவி வாசித்தேன். பாதிக்கு மேல் ஒன்றுமில்லாதவை, பயன்படுத்தாத பெயர்கள், அப்படி. ஒன்று மட்டும் மனதில் தங்கிவிட்டது. எண்ணை வைத்திருக்க ‘மீதி’ என்று நீ பெயர் வைத்த மாறி, மதிப்பு எதுவும் பெறாமலே பயன்படக்கூடும் என்கிறது.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். வரியின் முதல் பாதியை அனுப்புகிறாய். வாங்கிக்கொண்டேன் என்று பெட்டி பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் மீதி எத்தனை எழுத்து என்று கணக்குப் போடுகிறாய். பதில் வராவிட்டால் நிரல் இன்னொரு வழியால் சுற்றிப் போய், கணக்கே போடாத ‘மீதி’யை நம்பி, அது சொல்கிற அளவுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த நேரம் அதில் இருப்பது நினைவகத்தில் முன்பு எதுவோ விட்டுப்போன குப்பை. பழைய கம்ப்யூட்டர் பதிலுக்கு ஆறுதலாகக் காத்திருந்தது. இந்தப் புதுசு அவசரக்காரன்.

சரிதானே? என்ன செய்யட்டும்?

அக்கா


டோஹா
30 ஜனவரி 2024

அக்கா,

சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். நான் எதிர்பார்க்கவில்லை.

பெரிய விஷயமில்லை. ‘மீதி’யை அறிவிக்கிற இடத்திலேயே பூச்சியம் என்று ஒரு மதிப்பைக் கொடு. கொம்பைலர் வாயை மூடிவிடும். குப்பையும் வராது. எல்லோரும் செய்வதுதான்.

பாலத்தடியில் ஒரு ஆட்டோ உன்னை உரசிக்கொண்டு போனதாமே. அம்மா சொன்னார். நீ ஏன் சொல்லவில்லை? இப்படி எத்தனையைச் சொல்லாமல் வைத்திருக்கிறாய்?

சுமன்


கட்டுகஸ்தோட்டை
14 பெப்ரவரி 2024

சுமன்,

ஆட்டோ உரசியது என் குடையை. குடைக்கு ஒரு கம்பி போனது. எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உன் பெயர்தான் வந்தது.

நீ சொன்னபடி பூச்சியம் போட்டேன். எச்சரிக்கை போனது. குப்பைப் புள்ளிகளும் போயின. வரிகளெல்லாம் துப்புரவாக முடிந்தன. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வேகமாக வேலை செய்தேன், சேர் கூட “நல்லாச் செய்யிறீர் பிள்ளை” என்றார்.

இன்றைக்கு ஒரு வலிநிவாரணியின் பிரசுரம். பந்தியின் கடைசி வரி, ‘பிள்ளைகளுக்கும் அளவைக் குறைத்துக் கொடுக்கலாம்’ என்று முடிந்தது. முற்றுப்புள்ளி இல்லை. ‘முற்றுப்புள்ளி போடவும்’ என்று குறிப்பு எழுதி, பக்கங்களை அமைக்கிற அகீலாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவள் என் மேசைக்கு வந்து சிரித்தாள்.

“அக்கா, வசனம் இன்னும் முடியல்லயே. நடுவில எப்பிடி முற்றுப்புள்ளி போடுற?”

“முடிஞ்சிருச்சே. கொடுக்கலாம். அவ்வளவுதானே?”

“இல்லக்கா. ‘கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம்’ண்டு இரிக்கி.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பத் தடவினேன். வழவழவென்று ஒன்றுமில்லை. பிறகு ஒருமுறை தடவியபோது ‘என்று எண்ண வேண்டாம்’ வந்தது. அடுத்த முறை இல்லை.

விளங்குகிறதா தம்பி? பெட்டியின் பதில் பிந்தினால், மீதி பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு நிரல் இரண்டாவது பாதியை அனுப்புவதே இல்லை. குப்பை வந்தபோது ஏதோ பிழை என்றாவது எனக்குத் தெரிந்தது. வெறுமையாக இருந்தால் அங்கே எழுத்தே இல்லை என்றுதான் என் விரலுக்கு அர்த்தம். தமிழில் கூடாது, வேண்டாம், இல்லை எல்லாம் கடைசியில்தானே வருகின்றன.

பூச்சியம் போட்ட பிறகு நான் பார்த்துக் கொடுத்தவை எல்லாம் அச்சகத்தில் இருக்கின்றன. நாளைக்குச் சேரிடம் சொல்லப்போகிறேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

அக்கா


டோஹா
15 பெப்ரவரி 2024

அக்கா,

சொல்லாதே. சொன்னால் ‘கண் தெரியாதவளை வேலைக்கு எடுத்தோம், இப்படி ஆகிவிட்டது’ என்றுதான் பேசுவார்கள். நிரலைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். உன்னைத்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சை நான் சின்னதிலிருந்து கேட்டிருக்கிறேன், நீ இல்லாத இடங்களில்.

பிரசுரங்களை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து வேலையை விடு. கம்பளைக்குப் போ. நான் அனுப்புகிறேனே, உனக்கு என்ன குறை?

சுமன்


கட்டுகஸ்தோட்டை
25 பெப்ரவரி 2024

சுமன்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதியிருந்தால் உனக்கு வலிக்கிற மாதிரி எழுதியிருப்பேன்.

அன்றைக்கே சேரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியை அவர் மேசையில் வைத்து, அவர் விரலைப் பிடித்துப் புள்ளிகளில் வைத்து, நடந்ததைக் காட்டினேன். அவர் தானாகவே ஒருமுறை அந்த வரியைத் தடவிப் பார்த்தார்.

“இதை எனக்குச் சொல்லாமலும் விட்டிருக்கலாம், என்ன?” என்றார்.

“விட்டிருக்கலாம் சேர்.”

“கோவம் இல்லை எண்டு சொல்லமாட்டன். இப்ப என்ன செய்யப் போறீர்?”

“பார்த்து முடிச்ச எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும். பெட்டியைத் திருத்துற வரைக்கும் அகீலா எழுத்தெழுத்தா வாசிச்சுச் சொல்லட்டும்.”

“ஓம். நான் அச்சகத்துக்குப் போன் அடிச்சு நிப்பாட்டச் சொல்லுறன்.”

அகீலாவும் நானும் உட்கார்ந்தோம். அவள் வாசிக்க வாசிக்க எனக்குப் பயம் குறைந்துகொண்டே வந்தது, பிழை ஒன்றும் இல்லை என்று. அப்போதுதான் அது வந்தது. மூட்டுவலி மாத்திரை ஒன்றின் பிரசுரம். ‘உணவுக்குப் பின் எடுக்கவும்’ என்பதுவரை நான் வாசித்திருக்கிறேன். அதே வரியில், என் விரலுக்கு வராத பாதியில், ‘வெறும் வயிற்றில் எடுக்கலாம்’ என்று இருந்தது. மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதியில் இருப்பது ‘எடுக்கலாகாது’. தட்டச்சில் விழுந்த பிழை. அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அகீலா வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய வாப்பா அந்த மாதிரி மாத்திரைதான் எடுக்கிறாராம். அச்சகத்தில் அந்தத் தாள் இன்னும் இயந்திரத்தில் ஏறவில்லை. ஏறியிருந்தால்?

சேர் என்னை நிறுத்தவில்லை. ஆனால் நிரந்தரமாக்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டார். அது நியாயம்தான். நீ பயந்ததுபோல யாரும் என் கண்ணைப் பற்றிப் பேசினார்களா என்றால், ஒருவர் பேசினார். கணக்குப் பார்க்கும் ஐயா. பேசட்டும். அவர் பேசுவதற்காக நான் கம்பளைக்குப் போகமுடியாது.

இனி டிரைவர். பூச்சியத்தை எடுத்துவிட்டேன். எச்சரிக்கை உடனே திரும்பி வந்தது. அதைப் பார்க்க, கோபித்துக்கொண்டு போன ஆள் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. இந்த முறை அதன் வாயை மூடாமல் அது காட்டிய வழியிலேயே நடந்தேன். பதில் வராமல் போகிற அந்தச் சுற்று வழியில் இப்போது ‘மீதி’யைத் தொடுவதே இல்லை. பெட்டியிடம் இன்னொருமுறை கேட்கிறது. அப்போதும் பதில் இல்லையென்றால், தெரியவில்லை என்று மேலே அறிவித்துவிட்டு, எஞ்சிய கட்டங்கள் எல்லாவற்றிலும் எட்டு முனைகளையும் எழுப்பி நிறுத்துகிறது. எந்த எழுத்துக்கும் அப்படி வராது. விரல் பட்டதும் எனக்குத் தெரியும், இங்கே ஏதோ இருக்கிறது, எனக்கு வந்து சேரவில்லை என்று.

கொம்பைலர் இப்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உன் பழைய உத்தரவை நான் திரும்பப் போடவும் இல்லை.

நிரலை இத்துடன் அனுப்புகிறேன். பார்.

நீ அனுப்புகிற எதிலும் குறையில்லை தம்பி. அம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அங்கே இருக்க முடியவில்லை. காலையில் எனக்காக யாரோ தேநீர் ஆற்றி, யாரோ செருப்பை எடுத்து வைத்து, சாயந்தரம் ‘இன்னைக்கு என்ன செஞ்ச?’ என்று கேட்க ஒருவரும் இல்லாமல் இருந்தேன். ஒன்றும் செய்திருக்கமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கமாட்டார்கள். இங்கே றமீஸா மாமி கேட்கிறார். “இண்டைக்கி எத்தின பிழ புடிச்ச மகள்?” என்று.

அக்கா


டோஹா
3 மார்ச் 2024

அக்கா,

உன் திருத்தத்தை வாசித்தேன். மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஓரிடத்தில் இடைவெளி ஒன்று விட்டிருக்கலாம் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று உணரியிலிருந்து பதில் வராவிட்டால், நாங்கள் பூச்சியம் என்று எடுத்துக்கொள்வதில்லை. எடுத்தால் லிஃப்ட் கீழே நிற்பதாக நினைத்துக் கதவைத் திறந்துவிடும். ஆகவே மாடி தெரியவில்லை என்று வைத்து, கதவைப் பூட்டியபடி மெல்ல இறக்கி, அடையாளம் தட்டுப்படும் வரை தேடவிடுவோம். இது நான் தினமும் செய்கிற வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்கு மட்டும் பூச்சியம் போடு என்று எழுதினேன். நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல். எனக்கு அப்போது உன் டிரைவர் முக்கியமில்லை. அடுத்த பந்தியில் ஆட்டோவைப் பற்றிக் கேட்கிற அவசரம்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே இறங்கி நடந்தேன். இங்கே நடக்கிறவர்கள் குறைவு. நாம் பள்ளிக்கூடம் போன காலம் நினைவு வந்தது. அம்மா உன் கையை எடுத்து என் கையில் வைத்து ‘விட்றாத’ என்பார். எனக்கு அப்போது எழுத்துக்கூடச் சரியாகத் தெரியாது, ஆனால் எனக்கு ஒரு வேலை இருந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வேலை இல்லை. அதில் எனக்குப் பெருமை. நீ அறை எடுத்துப் போனதாக அம்மா சொன்னபோது என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதுபோல இருந்தது. அதைப் பயம் என்று சொல்லிக்கொண்டேன். பயமும் உண்டு. ஆனால் அது மட்டுமில்லை.

கம்பளைக்குப் போ என்று இனி எழுதமாட்டேன். கேட்கத் தோன்றும், கேட்கமாட்டேன்.

நீ இருக்கிற தெரு எனக்குத் தெரியாது. தெரியாத இடத்திலெல்லாம் ஆட்டோவும் திறந்த வடிகானும்தான் இருக்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதேன்.

சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

சுமன்


கட்டுகஸ்தோட்டை
10 மார்ச் 2024

தம்பி,

உன் கடிதத்தைக் குரலில் கேட்கவில்லை. பெட்டியில் வாசித்தேன், வரி வரியாக, மெதுவாக. அம்மா என் கையை உன் கையில் வைத்ததை எழுதியிருந்தாயே, அந்த வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. உன் கை எப்போதும் வியர்த்திருக்கும். தெருவைக் கடக்கும்போது நீதான் அதிகம் பயந்தாய். நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கும் அந்தக் கை வேண்டியிருந்தது.

உன்னை யாரும் நிறுத்தவில்லை. வேலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு முன்னால் உன்னிடம் நான் ‘இது சரியா’ என்று கேட்டு, நீ ‘சரி’ என்று சொன்னது எப்போது? யோசித்துப் பார். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது.

தெருவைக் கேட்டாயே. வடிகான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். இடது பக்கம், ஒரு பலகை போட்டு மூடியிருக்கிறார்கள், மிதித்தால் ஆடும். அதைத் தாண்டினால் றவூப் நானாவின் கடை. கருவாட்டு மூட்டையை வாசலிலேயே வைத்திருப்பார், அதனால் கடையைத் தவறவிட முடியாது. காலையில் பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அது திரும்பும் மூலையில்தான் நானும் திரும்புவேன். பாலத்துக்குக் கிட்ட வந்தால் காற்று குளிரும், மகாவலியின் ஈர வாடை. அங்கே பஸ்காரர்கள் ‘நுவர, நுவர’ என்று கண்டிக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். என்னைக் கண்டால் ஒருவர் கத்துவதை நிறுத்தி, மெதுவாக “நங்கி, படிய, பாத்து” என்பார். தங்கச்சி, படிக்கட்டு இருக்கிறது, பார்த்து ஏறு என்கிறார். சிங்களமும் தமிழும் கலந்து அவரே கண்டுபிடித்த மொழி.

அகீலாவுக்குப் பிரெயில் சொல்லிக்கொடுக்கிறேன். அவளாகத்தான் கேட்டாள். நேற்று என் புள்ளிப்பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு தன் பெயரைத் தடவிப் படித்துவிட்டு ஒபிஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கணக்கு ஐயாவிடம் போய், “நீங்களும் ஒரு தரம் தடவிப் பாருங்களே” என்றாளாம். அவர் தடவினாராம்.

சித்திரைக்கு வருகிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். “எந்த வீட்டுக்கு வர்றானாம்?” என்று கேட்டார். இங்கேதான் என்றேன். பிறகு, “அப்போ நானும் அங்கயே வந்துர்றேன். ஒனக்கு அவ்வளவு பேருக்குச் சமைக்கத் தெரியுமா?” என்றார். தெரியாது, பழகிக்கொள்கிறேன் என்றேன். றமீஸா மாமி பெரிய சட்டி தருகிறேன் என்றிருக்கிறார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வான் எதுவும் பிடிக்காதே. குருநாகல் வழியாக வருகிற கண்டி பஸ்ஸில் ஏறு. அது கட்டுகஸ்தோட்டையில் நிற்கும். புதுவருஷ நேரம், சனம் நெருக்கித்தள்ளும். அந்தக் கூட்டத்தில் நீ என்னைத் தேட வேண்டாம். இறங்கின இடத்திலேயே நின்று, யாரோடாவது ஏதாவது பேசிக்கொண்டிரு. உன் குரல் கேட்டதும் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா